அஞ்சாவது பாட்டில்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ரெண்டு தடவை ஆரம்பிச்சேன், ரெண்டு தடவையும் நோட்டை மூடி டீவி மேல போட்டுட்டேன். நான் ஒம்பதாவதுல பாதியில நின்னவன். நின்னேன்னு சொல்றது மரியாதைக்கு. கணக்கு வாத்தியாரு நாற்காலியில பூனைக்காலிக் காயைத் தேச்சு வச்சேன், அவரு பீரியட் பூரா சொறிஞ்சாரு, மறுநாள் என்னை வெளிய அனுப்பிட்டாங்க. அப்படிப்பட்டவன் எழுதி யாரு படிக்கப்போறான்னு இருந்தேன்.

போன மாசம் பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். புதுசா வந்திருக்குற டாக்டர் பொண்ணு என் பேரைக் கேட்டதும் நிமிந்து பாத்துச்சு.

"அய்யா, நீங்க இங்க ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாத்தீங்களாமே? அல்சருக்கு அப்பல்லாம் ஆபரேஷன் பண்ணுவாங்கன்னு புஸ்தகத்துல படிச்சதோட சரி. நான் ஒன்னுகூடப் பாத்ததில்ல."

"என்ன கண்ணு சொல்ற? நாங்க வாரத்துக்கு நாலு வயித்தைத் தொறந்து மூடியிருக்கோம். ராத்திரிப் பொட்டிக்கடை மாதிரி தொறந்தே கெடக்கும்."

அது சிரிச்சுட்டு, "அதை எழுதிக் குடுங்க, எங்க டாக்டருங்க ஆண்டு மலர்ல போடுறோம்"னுச்சு.

வயித்தைப் பத்தி எழுதினா தங்கராசு அண்ணனைப் பத்தி எழுதணும். நோட்டை ரெண்டு தடவை மூடினதுக்குக் காரணம் படிப்பில்ல, அதான்.

எந்த ஆஸ்பத்திரின்னு எழுத மாட்டேன். பெரம்பலூரு, அரியலூரு பக்கம் ஒரு கவருமெண்டு ஆஸ்பத்திரின்னு வச்சுக்குங்க. எழுபதுகளோட கடைசி. எனக்கு இருவத்திரெண்டு வயசு. அட்டெண்டர் வேலை, அதுவும் டெம்பரவரி. ட்ரெயினிங்னா என்னா? மூணு மாசம் பெட்பேன் கழுவினேன், மூணு மாசம் கட்டுத்துணி மடிச்சேன், அப்புறம் ஒருநாள் சிஸ்டரு ரோஸ்லின் ஒரு ரப்பர் குழாயைக் கையில குடுத்து, "இன்னையிலேருந்து வயிறு கழுவுறது ஒன் வேலை"ன்னாங்க. அவ்வளவுதான் ட்ரெயினிங்.

வயிறு கழுவுறதுன்னா இந்தக் காலத்து ஆளுங்களுக்குத் தெரியாது. அல்சரு வருசக்கணக்கா ஆறி ஆறிப் புண்ணாகி, இரைப்பையோட வாசல் சுருங்கிப் போயிரும். தின்னது கீழ எறங்காது. முந்தாநேத்து தின்ன கத்திரிக்கா இன்னைக்கு வாந்தியில அப்படியே வரும். இப்படி ஆளுங்க எங்க பக்கம் ஏகப்பட்ட பேரு. எல்லாம் எலும்பும் தோலுமா, வயித்தைக் கையால அமுக்கிக்கிட்டே பஸ்ஸுலேருந்து எறங்குவாங்க. பாதிப் பேரு எரிச்சலுக்குச் சோடா மாவைப் பொட்டலமா இடுப்புல செருகியிருப்பாங்க.

எங்க பெரிய டாக்டரு ஆளைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு உள்ளங்கையையும் பரபரன்னு தேச்சு சூடாக்கிக்குவாரு. கட்டில் ஓரத்துல ஒக்காந்து, வயித்துல காதை வச்சு, நோயாளியோட இடுப்பை ரெண்டு கையாலயும் புடிச்சு லேசாக் குலுக்குவாரு. அரைக்கொடம் தண்ணி குலுங்குற மாதிரி களக் களக்குன்னு சத்தம் எங்களுக்கே கேக்கும். "மெயின் ரோடு அடைச்சுக்கிச்சு. பக்கத்துல வண்டிப்பாதை ஒன்னு போட்டுத் தரேன். எரிச்சல் தண்ணியைச் சொரக்கச் சொல்லிக் கட்டளை போடுற நரம்பு ரெண்டு இருக்கு, அதையும் நறுக்கி விட்டுர்றேன்"ன்னு சொல்லுவாரு. எனக்கு முன்னாடி இருந்த பெருசுங்க, இவருக்கு முந்தின டாக்டரு பாதி இரைப்பையையே அறுத்து எடுத்துருவாருன்னு சொல்லுவாங்க. இவரு வந்தப்புறம் எதையும் எடுக்கறதில்ல, நரம்பை நறுக்கிட்டு, குடலை இழுத்து இரைப்பையில சேத்துத் தச்சுருவாரு. அந்த நரம்பு வெள்ளை நூல் மாதிரி இருக்கும். கொக்கியில தூக்கிக் காட்டி, "இவன்தான்யா கங்காணி"ம்பாரு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்ல. ஒரே ஒரு நாளு தவிர.

அடைச்சுக்கிட்ட வயித்தை அப்படியே தொறக்க முடியாது. உள்ள நாள்பட்டது ஊறிக் கெடக்கும். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி அஞ்சு நாளு தெனம் சாயங்காலம் வாய் வழியா தடிச்ச ரப்பர் குழாயை எறக்கி, புனல்ல உப்புத்தண்ணி ஊத்தி, கீழ தாழ்த்தி வெளிய எடுக்கணும். தெளிவா வர்ற வரைக்கும் ஊத்தி ஊத்தி எடுக்கணும். கடைசியா வர்ற தண்ணியை ஒரு கண்ணாடி பாட்டில்ல புடிச்சு, நாளு போட்டு, ஜன்னல்ல வரிசையா வைக்கணும். இது பெரிய டாக்டரோட கண்டுபிடிப்பு. காலையில வந்ததும் பாட்டிலைக் கையில எடுப்பாரு. பின்னாடி தினசரிப் பேப்பரைப் புடிப்பாரு. தண்ணி வழியா எழுத்து படிக்க முடிஞ்சா ஆபரேஷன். முடியலன்னா இன்னும் கழுவு.

நான் இதையும் ஒரு விளையாட்டாக்கி வச்சிருந்தேன். குழாயை எறக்குறதுக்கு முன்னாடி, "இன்னைக்கு என்ன குழம்பு வரும்?"னு பக்கத்துக் கட்டில்காரனுவகிட்ட பந்தயம் கட்டுவேன். அப்புறம் வார்டுல எல்லாருக்கும் நான்தான் பேரு வைக்கிறது. ஒருத்தன் முனகிக்கிட்டே இருப்பான், அவன் 'பம்புசெட்டு'. ஒருத்தரு எப்பவும் போர்வைக்குள்ளயே இருப்பாரு, அவரு 'வெங்காயம்'. சிஸ்டரே, "ஏம்ப்பா, வெங்காயத்துக்கு ஊசி போட்டாச்சா?"ன்னு கேப்பாங்க. அவ்வளவு செல்வாக்கு எனக்கு.

தங்கராசு அண்ணன் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துக் கிராமம். நாப்பது வயசு இருக்கும். முந்திரிக்கொட்டை வாங்கி விக்கிற யாவாரம். ஊரு ஊரா சைக்கிள்ல போயி, மூட்டை கட்டிக்கிட்டு வர்றது. ஏழு வருசமா வயித்துப் புண்ணு. ஏழு வருசமும் மொளகா தொடல, புளி தொடல, கஞ்சியும் மோருந்தான். அவரு சம்சாரம் எங்கிட்ட சொல்லுச்சு: "விருந்துக்குப் போனா இவுகளுக்குன்னு தனியா கஞ்சி வச்சுருவாக தம்பி. எங்க ஊருல கட்டுப்பாட்டுக்கு இவுகளைத்தான் காட்டுவாக." ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முந்தின வாரம், வாசல் முழுசா அடைக்கறதுக்கு முன்னாடி, ஆசைக்கு ஒரு நாளு அவிச்ச நெலக்கடலை ஒரு கை தின்னிருக்காரு. அதை அவரே எங்கிட்ட சொன்னாரு, ஏதோ கொலை பண்ணுன மாதிரி.

அந்தக் கடலை மூணாவது நாளு பாட்டில்லயும் தோலா வந்துச்சு. நாலாவது நாளும் வந்துச்சு. வியாழக்கிழமை காலையில பெரிய டாக்டரு நாலாவது பாட்டிலுக்குப் பின்னாடி பேப்பரைப் புடிச்சுப் பாத்துட்டு, "தலைப்பு தெரியுது, பொடி எழுத்து தெரியல. இன்னைக்கு ரெண்டு புனல் சேத்து ஊத்து. நாளைக்குத் தெளிஞ்சா வச்சுக்கலாம்"னாரு.

அன்னிக்கு சாயங்காலம் பூலாம்பாடியில சடுகுடு மேட்ச். எங்க டீமுக்கு நான்தான் பாடிப் போறவன். நாலரை பஸ்ஸை விட்டா அடுத்த பஸ்ஸு மேட்ச் முடிஞ்சப்புறந்தான். வயிறு கழுவ அரை மணிக்கு மேல ஆகும்.

நாலேகாலுக்கு அவரு கட்டிலுக்குப் போனேன். கையில குழாயைப் பாத்ததும் தொண்டையைத் தடவிக்கிட்டாரு. நாலு நாளா குழாய் எறங்கி எறங்கி உள்ள புண்ணாயிருந்துச்சு.

"அண்ணே, தொண்டை ரொம்ப வலிக்குதா?"ன்னு கேட்டேன். இந்தக் கேள்வியை நான் அன்னிவரைக்கும் யாருகிட்டயும் கேட்டதில்ல.

"எச்சி முழுங்க முடியல தம்பி."

"இன்னைக்கு ஒரு நாளு விட்டுருவமா? நாலு நாளு கழுவுனதே போதும். வெளிய சொல்லிராதீங்க."

அவரு மொகத்தைப் பாக்கணுமே. பரீச்சை தள்ளிப்போன பையன் மாதிரி. "சாமி, ஒனக்குக் கோடிப் புண்ணியம்"னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு.

அப்புறம் செஞ்சதுதான் கெட்டிக்காரத்தனம். வெறும் உப்புத்தண்ணியை வச்சா பெரிய டாக்டரு கண்டுபுடிச்சுருவாரு, அஞ்சாவது நாளு அவ்வளவு சுத்தமா யாருக்கும் வராது. அதனால நாலாவது பாட்டில்ல தோலு அடியில படியற வரைக்கும் ஆட்டாம இருந்து, மேல்தண்ணியில கொஞ்சத்தை அஞ்சாவது பாட்டில்ல ஊத்தி, மிச்சத்துக்கு உப்புத்தண்ணி விட்டேன். செவுத்துல தொங்குன காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்னாடி வச்சுப் பாத்தேன். ராகுகாலம், எமகண்டம் எல்லாம் படிக்க முடிஞ்சுச்சு. சைக்கிளை மிதிச்சு பஸ்ஸைப் புடிச்சுட்டேன். மேட்சுல ஜெயிச்சோம். மூணு பேரைத் தொட்டுட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில பெரிய டாக்டரு பாட்டிலைத் தூக்கிப் புடிச்சு, பேப்பர்லேருந்து ஒரு வரி சத்தமா வாசிச்சாரு. "நல்லாக் கழுவியிருக்கய்யா"ன்னாரு. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதையும் மறைக்காம எழுதிர்றேன்.

தியேட்டர்ல அப்ப என்னோட சேத்து அஞ்சு பேரு. பெரிய டாக்டரு, மயக்கம் குடுக்குற டாக்டரு, சிஸ்டரு, அப்புறம் துணி அவிக்கிற சவரிமுத்து. என் கூட்டாளி. நான் காலால மிதிச்சு உறிஞ்சுற மெஷின் பக்கம். மொகத்துல கம்பி மூடியை வச்சு, துணி மேல ஈதரைச் சொட்டுச் சொட்டா விடுவாங்க. தங்கராசு அண்ணன் ஒன்னு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போனாரு. இருவதைத் தாண்டல, நாக்கு கொழறுச்சு. கையைக் காலை ஒதறினாரு. அப்புறம் ஒரு ஏப்பம் மாதிரி சத்தம். மூடிக்குள்ளேருந்து பொங்கி வழிஞ்சுச்சு.

"தலையை எறக்கு! எறக்குய்யா!" பெரிய டாக்டரு கத்துனது அதுதான் முதலும் கடைசியும்.

மேசையைத் தலைப்பக்கம் சாச்சோம். நான் மெஷினை மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வேகமா மிதிச்சா நல்லா உறிஞ்சும்னு நெனச்சுக்கிட்டு மிதிக்கிறேன். குழாயில தோலு தோலா அடைக்குது. சவரிமுத்து அதைக் கையால புடுங்கிப் புடுங்கிப் போடுறான். அண்ணன் மொகம் நாவப்பழம் மாதிரி ஆயிருச்சு. மூச்சு வருது, வரல, வருது. இதோ நின்னுபோச்சுன்னு இருந்தப்ப, கர்ருனு இழுத்தாரு. நெஞ்சுக்குள்ள மாவு கொதிக்கிற மாதிரி சத்தம்.

ஆபரேஷன் நின்னுபோச்சு. ஆளை வார்டுக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம்.

பெரிய டாக்டரு தரையில கெடந்ததைக் குனிஞ்சு பாத்தாரு. "கடலைத் தோலு"ன்னாரு. நிமிந்து என்னைப் பாத்தாரு. ரொம்ப நேரமில்ல, ஒரு தடவை மூச்சு விடுற நேரம். கை கழுவப் போயிட்டாரு.

நான் வார்டுக்கு ஓடினேன். அண்ணனைப் பாக்க ஓடலைங்க. ஜன்னலுக்கு ஓடினேன். நாலாவது பாட்டிலோட அடியில அதே கடலைத் தோலு படிஞ்சு கெடந்துச்சு. யாராச்சும் பாத்தா, இது நேத்து தின்னதில்ல, முன்னாடியே உள்ள இருந்ததுன்னு தெரிஞ்சுரும். அஞ்சு பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போயி சாக்கடையில ஊத்தி, சோப்புப் போட்டுக் கழுவிக் கவுத்து வச்சேன்.

மூணாவது நாளு அண்ணனுக்குக் காய்ச்சல் கொஞ்சம் எறங்கி, கண்ணு முழிச்சாரு. வாந்தி உள்ள எறங்கினதுல வலது நுரையீரல்ல சளி கட்டிக்கிச்சு. மூச்சு விடும்போது விலா எலும்பு ஒவ்வொன்னும் உள்ள போயி வெளிய வருது. பெரிய டாக்டரு கையைச் சூடாக்கிக்கிட்டு, நெஞ்சுல வச்சு, மெதுவாத்தான் கேட்டாரு.

"தங்கராசு, வியாழக்கிழமை என்ன சாப்புட்டீங்க?"

அண்ணன் டாக்டருக்குப் பின்னாடி நின்ன என்னைப் பாத்தாரு. வேலை நிரந்தரமாகப் போகுதுன்னு நான் அந்த வாரந்தான் அவருகிட்டப் பீத்தியிருந்தேன்.

"பயப்படாதீங்க, சொல்லுங்க."

"கடலைங்க"ன்னாரு. "அவிச்ச கடலை. ஒரு கை. ஆசையில தின்னுட்டேன். யாருக்கும் தெரியாது. இந்தத் தம்பிக்கும் தெரியாது."

பொய் சொல்லத் தெரியாத மனுசன். அந்த ஒரு கை கடலையை அப்படியே வியாழக்கிழமைக்குத் தூக்கி வச்சுட்டாரு. அவரு சம்சாரம் அந்தப் பக்கம் நின்னு, "அடப் பாவி மனுசா"ன்னு தலையில அடிச்சுக்கிச்சு.

வாயைத் தொறக்க எனக்கு அப்ப முழுசா ஒரு நிமிசம் இருந்துச்சு. எப்பப்பாரு தொறந்தே இருக்குற வாயி.

இதோட முடிஞ்சிருந்தாக்கூட எழுதிட்டு நிம்மதியாத் தூங்குவேன். அன்னிக்கு மத்தியானம் பக்கத்துக் கட்டில் 'பம்புசெட்டு' என்னைக் கூப்புட்டு, "என்னய்யா, அவரு திருட்டுத்தனமா தின்னுட்டாராமே? இவருக்கு என்ன பேரு வைக்கப்போற?"ன்னான். ஏழெட்டுப் பேரு என் மொகத்தைப் பாக்குறானுவ. நான் பேசாம நின்னா சந்தேகம் வரும்னு தோணுச்சு. எப்பவும் போல இருக்கணும்னு தோணுச்சு.

"திருட்டுக்கடலை"ன்னேன்.

வார்டே சிரிச்சுச்சு. அண்ணனும் சிரிச்சாரு, சிரிச்சதுல இருமல் வந்து, நான்தான் முதுகைத் தட்டிக் குடுத்தேன். அன்னிக்கு அவரு ஊர்க்காரங்க ரெண்டு பேரு பாக்க வந்திருந்தாங்க. சாயங்கால பஸ்ஸுல அந்தப் பேரும் அவங்களோட ஏறி ஜெயங்கொண்டம் போயிருச்சு.

அடுத்த வாரத்துலேருந்து வார்டுல ஒரு புது வழக்கம். வயிறு கழுவும்போது சிஸ்டரு பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடணும். காரணம் என்னன்னு பெரிய டாக்டரு சொல்லல. சவரிமுத்துதான் பின்னால ஒருநாள் எங்கிட்ட கேட்டான். அவங்கிட்ட மட்டும் பாட்டில் கதையைச் சொன்னேன். அவன் ரெண்டு நாளு எங்கூடப் பேசல.

அண்ணனை நாப்பது நாளு கழிச்சுத்தான் மறுபடி மேசையில ஏத்துனாங்க. அன்னிக்கு வயிறு கழுவுனது சிஸ்டரே. வண்டிப்பாதை நல்லபடியா போட்டு, நரம்பை நறுக்கி, வீட்டுக்கு அனுப்பியாச்சு. வயித்து வலி போச்சு, மொளகா தின்னாரு, புளி தின்னாரு. ஆனா மூச்சு பழைய மாதிரி வரல. எனக்கு அந்த வருசமே வேலை நிரந்தரமாச்சு.

வருசா வருசம் முந்திரி சீசன்ல வருவாரு. ஒரு துணிப்பையில வறுத்த பருப்பு. "தம்பி, நீ முதுகு தட்டலைன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன்"ம்பாரு. நான் வாங்கிக்குவேன். வூட்டுக்குக் கொண்டுபோயி ஒரு பருப்பு வாயில போட்டதில்ல, புள்ளைங்க தின்னும்.

எண்பதுகள்ல பாதி தாண்டுனதும் மாத்திரை வந்துச்சு. மொதல்ல வசதியானவங்க திருச்சியில வாங்கித் தின்னாங்க, அப்புறம் எங்க மெடிக்கல்லயே கெடைச்சுச்சு. காலையில ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. கங்காணி நரம்பை நறுக்க வேணாம், மாத்திரையே அவன் வாயைக் கட்டிப்போட்டுச்சு. வாரத்துக்கு நாலுன்னு இருந்தது மாசத்துக்கு நாலாச்சு, அப்புறம் வயித்துல ஓட்டை விழுந்து அவசரத்துக்கு வர்றவங்க மட்டுந்தான். ஜன்னல் பாட்டிலெல்லாம் டெட்டால் ஊத்தி வைக்க ஆயிருச்சு. அதுக்கப்புறம் அல்சருக்கே ஒரு கிருமிதான் காரணம், அதுக்கு ரெண்டு வாரம் மருந்து போதும்னுட்டாங்க. பெரிய டாக்டரு அதுக்குள்ள மாத்தலாகிப் போயிட்டாரு.

ஒரு தடவை, மாத்திரை வந்த புதுசுல, மீன்சுருட்டியில ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு ஜெயங்கொண்டத்துல பஸ்ஸு மாறுறேன். எதிர்க்க அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றாரு. மூட்டை ஒன்னுதான். மேடுன்னு சொல்ல முடியாது, ரோடு லேசா ஏறுது, அதுக்கே மூணு எடத்துல நின்னாரு. ஏறி மிதிக்கிறதை எப்பவோ விட்டுட்டாராம். டீக்கடைக்காரன் கடலைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, "திருட்டுக்கடலை, ஒரு கை போடுறியா?"ன்னான். அவரு மவன் பக்கத்துல நிக்கிறான், பத்துப் பன்னெண்டு வயசு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

அண்ணன் என்னைப் பாத்ததும் மவனைக் கடைக்கு அந்தப்பக்கம் அனுப்பிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாரு: "பேரு கெடக்கட்டும் தம்பி. மனசுல ஒன்னு இருக்கு, ஒங்கிட்டதான் கேக்க முடியும். அன்னிக்கு என் தொண்டையைப் பாத்துப் பாவப்பட்டு நீ விட்ட. நான் வேணாம், கழுவுன்னு சொல்லியிருக்கணும். அந்த ஒரு நாளு விட்டதாலதான் இப்படி ஆச்சோ? நானே கெடுத்துக்கிட்டேனோ?"

பஸ்ஸு, சடுகுடு, காலண்டர் தாளு, பாட்டிலு. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு.

"அதெல்லாம் ஒன்னுமில்லண்ணே. ஒங்க நேரம்"னேன்.

அவரு தலையாட்டுனாரு. பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். சன்னல் வழியாப் பாத்தா, கைய ஆட்டிக்கிட்டு நிக்கிறாரு.

அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டாருன்னு கேள்விப்பட்டேன், கருமாதி எல்லாம் முடிஞ்சப்புறம். ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல பேருக்குப் பக்கத்துல பிராக்கெட் போட்டு, ஊருக்கு அடையாளம் தெரியணும்னு, நான் வச்ச பேரைப் போட்டிருந்தாங்களாம்.

டாக்டர் கண்ணு, நீ கேட்டது வயித்து ஆபரேஷன் எப்படி மாறுச்சுன்னுதான். எனக்கு எழுதத் தெரிஞ்சது இதான். ஆண்டு மலர்ல போடுறதும் போடாததும் உன் இஷ்டம்.

குடுக்குறதுக்கு முன்னாடி, நேத்து சவரிமுத்துவுக்குப் போன் போட்டு முழுசும் படிச்சுக் காட்டினேன். முடிச்சதும் சொன்னான்:

"எனக்கு எதுக்குடா படிச்சுக் காட்டுற, அவரு மவன் இன்னும் ஜெயங்கொண்டத்துலதான இருக்கான்?"